செல்வராசா வாங்கிய மஞ்சள் அட்டைகள்

உதைபந்தாட்டக் கழகத்தில் மனேஜர் என்றால், பந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தொடுகிற ஆள் என்று அர்த்தம். சட்டைகள் தோய்ப்பது, வலை கட்டுவது, தண்ணீர்ப் போத்தல் நிரப்புவது, முழங்காலுக்கு ஐஸ் வைப்பது, வராதவனுக்குப் போன் அடிப்பது, வந்தவனின் பெயரைப் பதிவது எல்லாம் நம் தலையில். வென்றால் பெடியளைத் தோளில் தூக்குவார்கள். தோற்றால் "சட்டை சரியாய்க் காயேல்லை" என்று நம்மிடம் வருவார்கள்.

இதை வாசிக்கிற நீங்களும் ஏதோ ஒரு சங்கத்தில், பழைய மாணவர் ஒன்றியத்தில், தமிழ்ப் பள்ளிக்கூட விழாக் குழுவில் "இந்த ஒரு வருசம் மட்டும்" என்று சொல்லி மாட்டியிருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்து கேளுங்கள்.

கை தூக்காமல் கிடைத்த பதவி

மூன்று வருடங்களுக்கு முன், மெல்பேர்ன் பக்கம் கிரான்பர்னில் ஒரு சமூக மண்டபத்தில் எங்கள் கழகத்தின் பொதுக்கூட்டம். நான் உறுப்பினர்கூட இல்லை. என் கணவர் சிவம் செயற்குழுவில் இருந்தார், அதனால் தேநீர் போடப் போனவள். தலைவர், உபதலைவர் பதவிகளுக்கு நான் நீ என்று போட்டி. மனேஜர் என்று வாசித்ததும் எல்லோரும் தங்கள் சப்பாத்தைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது யாரோ என் தகுதியைக் கண்டுபிடித்தார். நான் ஒரு மருத்துவ நிலையத்தின் முன்மேசையில் வேலை செய்கிறேன். பெயர், பிறந்த திகதி, முகவரி, மூன்றையும் கேட்காமல் பக்கத்து வீட்டுக்காரரைக்கூட உள்ளே விடமாட்டேன். இந்தத் தகுதியை நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதை வைத்தே என்னைக் கேலி செய்யலாம்.

நான் "இல்லை" என்று சொல்ல வாய் எடுக்கும்போது குசினியில் கேத்தில் சத்தம் போட்டது. அதை நிற்பாட்டக் கதிரையை விட்டு எழும்பினேன். எங்கள் பயிற்சியாளர் நேசன் வாரநாட்களில் ரெயில் ஓட்டுகிறவர், எந்தக் கூட்டமும் ஒரு நிமிடம் பிந்துவதைப் பொறுக்கமாட்டார். அவர் எழுதுகிறவரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அக்கா எழும்பிட்டா. பேரை எழுதுங்கோ, அடுத்ததுக்குப் போவம்."

நாலாம் இடத்தின் நிம்மதி

எனக்கு உதைபந்தாட்டத்தில் கோல் மட்டும்தான் தெரியும். நேசன்தான் மேசையில் தேநீர்க் கோப்பைகளை அடுக்கி விளக்கினார். எங்கள் பிரிவு இரண்டாம் பிரிவு. பன்னிரண்டு அணிகள், ஒவ்வொருவரோடும் இரண்டு ஆட்டம். வென்றால் மூன்று புள்ளி, சமன் என்றால் ஒன்று. கடைசியில் மேலே நிற்கிற இரண்டு அணிகள் முதலாம் பிரிவுக்கு ஏறும், அடியில் கிடக்கிற இரண்டும் மூன்றாம் பிரிவுக்கு இறங்கும். "நடுவில நிக்கிற எட்டுப் பேரும்?" என்று கேட்டேன். "அவையள் பார்பெக்யூ வைச்சுப்போட்டு வீட்டை போவினம்" என்றார். எங்கள் கழகம் ஒன்பது வருடமாகப் பார்பெக்யூ வைத்துக்கொண்டிருந்தது.

இந்த வருடம் அப்படி இல்லை. பாதிப் பருவத்திலேயே இரண்டாம் இடத்தில் நின்றோம். பெடியளுக்குக் கால் நிலத்தில் படவில்லை. செயற்குழுவுக்கோ கால் நடுங்கியது. முதலாம் பிரிவுக்குப் போனால் மைதானத்தைச் சுற்றி வேலி வேண்டும், ரெஃப்ரிக்குத் தனி அறை வேண்டும், இன்னொரு முழு அணியும் இறக்க வேண்டும். இருக்கிற பதினெட்டுப் பேரையே சனிக்கிழமை படுக்கையால் எழுப்புவது நான்.

இதில் ஒரேயொருவன்தான் பயப்படாமல் ஆசைப்பட்டான். கப்டன் கஜன். முப்பத்தைந்து வயது, டண்டினோங்கில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். படகில் வந்து, விசாப் பேப்பர் வரும் வரும் என்று வருடக்கணக்கில் காத்திருந்தவன். அந்தக் காலத்தில் அவனுக்கு வாரத்தில் நிச்சயமாக இருந்த ஒரே விஷயம் எங்கள் சனிக்கிழமை ஆட்டம்தான். இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டன, வீட்டில் இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள். மனைவியோடு ஓர் ஒப்பந்தம் செய்திருந்தான். ஏறினால், அடுத்த வருடம் முதலாம் பிரிவில் ஒரேயொரு ஆட்டம் விளையாடிவிட்டு நிறுத்துவது. ஏறாவிட்டால் இந்த வருடத்தோடு சரி. "ஒரு மச் போதும் அன்ரி" என்பான். அவன் அதைச் சொல்கிற விதத்தில் எனக்கே வேலி போட மண்வெட்டியைத் தூக்கலாம் போல் இருக்கும்.

செயற்குழுவில் இதையெல்லாம் பேசி முடித்தபோது பொருளாளர் பெருமூச்சு விட்டுச் சொன்னது: "ஏறினா சந்தோசம்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா நாலாவதா வந்தா எல்லாருக்கும் நிம்மதி."

கூப்பிட்டால் திரும்பாதவன்

குளிர் தொடங்கிய ஒரு சனிக்கிழமை. கஜன் ஒருவனோடு இடிபட்டுவிட்டுத் தன்பாட்டில் நடந்துகொண்டிருந்தான். நெட்டையான இளம் ரெஃப்ரி ஒருவர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்து "செல்வராசா!" என்று கூப்பிட்டார். கஜன் திரும்பவில்லை. இரண்டாம் முறை இன்னும் பலமாகக் கூப்பிட்டார். கஜன் குனிந்து காலுறையை இழுத்துவிட்டான். மூன்றாம் முறைக்குப் பக்கத்து மைதானத்தில் விளையாடியவர்களே திரும்பிப் பார்த்தார்கள், கஜன் மட்டும் பார்க்கவில்லை. இடித்ததற்கு ஒரு வார்த்தை சொல்லி விடத்தான் நினைத்தாராம். கூப்பிடக் கூப்பிடப் போனதற்கு மஞ்சள் அட்டையைத் தூக்கிவிட்டார்.

கஜனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் பெயர் கஜன் என்றும், செல்வராசா தன் அப்பா என்றும், அவர் சிட்னியில் நார்த்மீட்டில் அக்காவோடு இருக்கிறார் என்றும் ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினான். நாங்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பட்டியல் போட்ட நானும் சிரித்தேன், ஏன் அப்படி வந்தது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. ரெஃப்ரி அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அப்படியானால் இதை உன் அப்பாவிடம் கொடுத்துவிடு."

கொடி பிடித்த கணவர்

எங்கள் பிரிவில் கோட்டோரம் நின்று கொடி பிடிக்கிற வேலைக்கெல்லாம் லீக் ஆள் அனுப்பாது. ஒவ்வொரு கழகமும் ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும். மற்றக் கழகங்கள் கண் கொஞ்சம் மங்கிய, பாசம் கூடிய மாமா ஒருவரை அனுப்பும். நாங்கள் என் கணவரை அனுப்பினோம். அவர் விதிப்புத்தகத்தை அச்சடித்துக் கோடு போட்டுப் படித்தவர்.

ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கிற ஆட்டத்தில், முடிய ஐந்து நிமிடம் இருக்க எங்கள் ஆள் பந்தை வலைக்குள் அடித்தான். நான் போத்தல் கூடையைத் தட்டிவிட்டுத் துள்ளினேன். துள்ளி இறங்கிப் பார்த்தால் கோல் செல்லாது என்று கொடி மேலே நிற்கிறது. பிடித்திருப்பது நான் கழுத்தை நீட்டிய மனுசன். இரண்டு புள்ளி போய்விட்டது. பெடியள் அவரை ஒன்றும் சொல்லவில்லை, அவர்களுக்கும் சேர்த்து நான் சொன்னேன். பிறகு ஒரு கிழமை சோறு போட்டேனே தவிர வாய் திறக்கவில்லை. எட்டாம் நாள் மனுசன் தானாக வந்து சொன்னது இவ்வளவுதான்: "ஓஃப்சைட் எண்டா ஓஃப்சைட். அடிச்சது எங்கட பெடியன் எண்டு கொடிக்குத் தெரியுமோ?"

ஜோர்ஜின் பை

எங்கள் மைதானத்துக் கன்ரீனில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் போடுகிறோம். எதிரணிகள் தோற்றாலும் உடனே போகாததற்கு அதுதான் காரணம். அவர்களில் ஜோர்ஜ் என்று ஒரு மனேஜர். தாய் தகப்பன் கிரேக்கத்திலிருந்து வந்தவர்கள், அவர் பிறந்து வளர்ந்தது மெல்பேர்னில். பதினெட்டு வருடமாக அவர் கழகத்துக்கு அவர்தான் மனேஜர், அதாவது பதினெட்டு வருடமாகச் சட்டை தோய்க்கிறார். எங்களைப் போலவே அவர்களும் ஏறினதில்லை. இந்த வருடம் எங்களுக்குப் பின்னால், மூன்றாம் இடத்தில், மூச்சு படுகிற தூரத்தில் வந்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் கன்ரீன் ஜன்னலுக்கு வந்தால் அவரும் நானும் ஒரே சாதி. சேற்றுக்கறைக்கு எந்தத் தூள் நல்லது, போன் எடுக்காத கோல்கீப்பரை எப்படிப் பிடிப்பது என்று அரை மணித்தியாலம் போகும். போகும்போது கைப்பையைத் திறந்து எட்டு ரோல்ஸ் வைத்துக்கொள்வார், மனைவிக்கு என்று சொல்லுவார். மனைவி இவற்றைக் கண்ணால் கண்டதாக எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் ஆட்டம் ஒன்றைப் பார்க்க வந்த ஒரு நாள், பையை மூடிக்கொண்டே சொன்னார்: "எங்களில் யார் ஏறினாலும் பரவாயில்லை. இதைப் பிரிந்துபோவது மட்டும் எனக்குக் கவலை."

பிரபு கேட்ட இடம்

எங்கள் கோல்கீப்பர் பிரபு திருச்சிக்காரன், ஐ.டி. வேலை. தோளில் விழுகிற தலைமுடி. அதைக் கட்டுவதற்கு ஆட்டம் தொடங்குமுன் ரெஃப்ரியிடம் இரண்டு நிமிடம் வாங்குவான். அவன் சிட்னிக்குக் காரில் போய் வந்தபோது ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கும் போயிருக்கிறான். பெருமாளிடம், நாங்கள் இரண்டாவதாக வந்து ஏறினால் அந்த முடியைக் கொடுப்பதாக நேர்ந்துவிட்டு வந்தான்.

நேசனுக்கு இது பிடிக்கவில்லை. "கேக்கிறதுதான் கேக்கிறாய், முதலாம் இடத்தைக் கேட்டிருக்கலாமே" என்று குறைப்பட்டார். பிரபு முடியை முடிந்துகொண்டே பதில் சொன்னான்: "ரெண்டாவது எடம் போதும்னுதான் சார் கேட்டேன். அவருக்கும் ரொம்ப தொந்தரவு குடுக்கக் கூடாதுல்ல?"

இரண்டும் மூன்றும்

கடைசி ஆட்டத்துக்கு முந்திய வியாழக்கிழமை. எனக்கு வேலை இல்லாத நாள். பருவ முடிவில் மிகக் குறைவாக அட்டை வாங்கியவனுக்கு நல்லொழுக்கக் கிண்ணம் கொடுப்போம். அதற்காக மதியம் போனை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரின் அட்டைகளையும் பார்த்தேன். புள்ளிப் பட்டியலில் முதலாம் இடத்து அணி எப்போதோ ஏறிவிட்டது. இரண்டாவது நாங்கள், நாற்பத்தொரு புள்ளி. மூன்றாவது ஜோர்ஜின் ஆட்கள், முப்பத்தொன்பது. கடைசி ஆட்டமும் அவர்களோடுதான், எங்கள் மைதானத்தில். சமன் செய்தாலே ஏறிவிடுவோம். சோற்றுக்கு அடுப்பில் உலை வைத்துவிட்டுப் பாடிக்கொண்டிருந்தேன்.

கஜனுக்கு இரண்டு மஞ்சள். கப்டனுக்கு இது நல்ல கணக்கு என்று நினைத்தேன். விரலை இன்னும் கீழே இழுத்தேன். அங்கே இன்னொரு கஜன் இருந்தான். அதே முகம், அதே பிறந்த திகதி, அதே முகவரி. அவனுக்கு மூன்று மஞ்சள்.

நடந்தது இதுதான். இந்த வருடம்தான் பதிவெல்லாம் போனுக்கு மாறியது. கஜன் தானே உட்கார்ந்து, பாஸ்போட்டில் உள்ளபடி, அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகத் தன்னைப் பதிந்திருக்கிறான். நான் கஜன் என்று தேடியிருக்கிறேன். அவன் செல்வராசாவின் கீழே கிடந்திருக்கிறான். பதியவில்லையாக்கும் என்று நினைத்து, அப்பா பெயரை முன்னால் போட்டு நாங்கள் காலம் காலமாக எழுதுகிற ஒழுங்கில் நானே இன்னொரு தரம் பதிந்துவிட்டேன். படிவத்துக்கு அது வேறு ஆள். பிறகு சனிக்கிழமைகளில் அணிப் பட்டியல் போடுகிற அவசரத்தில் எந்தக் கஜன் கண்ணில் பட்டானோ அவனைத் தட்டியிருக்கிறேன். ரெஃப்ரி செல்வராசாவைக் கூப்பிட்டதும் அதனால்தான்.

இரண்டும் மூன்றும் ஐந்து. ஐந்து மஞ்சள் வாங்கினால் அடுத்த ஆட்டத்தில் வெளியே இருக்க வேண்டும், அதுதான் விதி. கஜன் இருக்கவில்லை. அந்த அடுத்த ஆட்டத்தில், அதாவது போன சனிக்கிழமை, விளையாடி, இருந்த ஒரே கோலையும் தலையால் அடித்து வென்று தந்தான். தடை உள்ளவன் விளையாடினால் வென்ற ஆட்டம் தோற்ற ஆட்டம் ஆகிவிடும். இதை லீக் கண்டுபிடிக்கவில்லை, எதிரணி கண்டுபிடிக்கவில்லை. எனக்கு மட்டும் தெரியும். பெயர், பிறந்த திகதி, முகவரி என்று நாள் முழுக்கக் கேட்கிறவள் செய்த வேலை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

வேலையால் வந்த கணவரிடம் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றி வைத்தார். என்ன செய்யலாம் என்று கேட்டேன். "நான் அண்டைக்குக் கொடி தூக்கினனான்" என்றார். "நீர் ஒரு கிழமை என்னோட கதைக்கேல்லை. இப்ப நான் என்னத்தைச் சொல்ல?"

எந்தப் படிவம்?

அன்று பின்னேரம் பயிற்சிக்குப் போய் நேசனையும் கஜனையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். நேசன் பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தார். "அக்கா, இது ஒருதருக்கும் தெரியாது. நீங்களும் இண்டைக்குப் போனைத் திறக்கேல்லை. முடிஞ்சுது" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன், எனக்கும் உள்ளுக்குள் அந்தக் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் ஜோர்ஜின் பதினெட்டு வருடமும் கண்ணுக்குள் வந்து நின்றது. என் விரல் தவறித் தட்டியதற்கு அந்த மனுசன் இன்னொரு வருடம் கீழே கிடப்பதா?

சொன்னால் என்ன ஆகும் என்று கஜனுக்கு நான் விளக்கவேண்டி வரவில்லை. மூன்று புள்ளி போகும். கடைசி ஆட்டத்தில் அவன் வெளியே இருக்க வேண்டும். நாங்கள் ஏறாவிட்டால் அவன் காலில் இனிப் பூட்ஸ் இல்லை. நான் அவன் முகத்தைப் பார்க்காமல் "மன்னிச்சுக்கொள் அப்பன்" என்றேன். அவன் கீழே இருந்து பூட்ஸ் நாடாவை அவிழ்த்தான். பிறகு சொன்னான்: "சொல்லுங்கோ அன்ரி. இல்லாட்டி மேல போய் விளையாடுற அந்த ஒரு மச்சிலயும், ரெஃப்ரி என்ர பேரைக் கூப்பிடேக்க திரும்பிப் பார்க்க எனக்கு முகம் இராது."

வெள்ளிக்கிழமை காலையில் லீக் அலுவலகத்துக்கு அடித்தேன். எடுத்த பெண்ணிடம், எங்கள் கழகம் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றேன். எந்தக் கழகத்தின் மேல் முறைப்பாடு என்று கேட்டார். எங்கள் மேல்தான் என்றேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். மற்றப் பக்கத்தில் கதிரை கிரீச்சிட்டது. "மற்றவர்களைப் பற்றிச் சொல்லத்தான் எல்லோரும் எடுப்பார்கள், டியர். தங்களைப் பற்றிச் சொல்ல எந்தப் படிவம் என்று நான் தேடிப் பார்க்க வேண்டும்."

அப்பாவின் கதிரை

பின்னேரத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. நாங்கள் முப்பத்தெட்டு, ஜோர்ஜின் ஆட்கள் முப்பத்தொன்பது. கஜனுக்கு ஓர் ஆட்டம் தடை. இனி நாங்கள் வென்றே ஆக வேண்டும், அதுவும் கஜன் இல்லாமல்.

இதில் இன்னொரு கொடுமை. மகனின் கடைசி ஆட்டமாக இருக்கலாம் என்று, நார்த்மீட்டிலிருந்து செல்வராசா அங்கிள் முன்கூட்டியே பிளேனுக்குப் பதிந்து வந்துவிட்டார். இந்த நாட்டில் மகன் விளையாடி அவர் பார்த்ததில்லை. சனிக்கிழமை மகன் ஜாக்கெட்டோடு தண்ணீர்ப் போத்தல் நிரப்ப, அவர் என் மடிக்கிற கதிரையில் கோட்டோரமாக இருந்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்காகப் போனைத் திறந்து எல்லாவற்றையும் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் பெயர் இருந்த வரியை நெடுநேரம் பார்த்தார். "எழுபத்திரண்டு வயசு வரைக்கும் நான் ஒருதரையும் இடிச்சு விழுத்தினதில்லை, பிள்ளை. எனக்கு மூண்டு மஞ்சளோ?" என்றார். அழவேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். மகன் மட்டும் மைதானத்தை விட்டுக் கண் எடுக்கவில்லை.

பெடியளும் சும்மா விளையாடவில்லை. முதல் பாதியில் ஒன்று வாங்கினோம், இரண்டாம் பாதியில் ஒன்று திருப்பிக் கொடுத்தோம். கடைசி நிமிடங்களில் பிரபு தன் கோலைத் திறந்துபோட்டுவிட்டு முடி பறக்க எதிரணியின் பக்கம் ஓடினான். பந்து அவன் தலையில் பட்டுக் கம்பத்தில் அடித்து வெளியே போனது. கொடியோடு நின்ற என் கணவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்ததை முதல் முறையாகப் பார்த்தேன். விசில் ஊதியபோது ஒன்றுக்கு ஒன்று. வியாழன் மதியம் வரை அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நான் கன்ரீனுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். வெளியே ஜோர்ஜின் ஆட்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் தட்டுகிற சத்தம். ஜோர்ஜ்தான், கைப்பையோடு. நான் முகத்தைத் துடைத்துவிட்டு வழக்கம்போல எட்டை எடுத்து வைத்தேன். அவர் பையைத் திறக்கவில்லை. "நான் உன்னிடம் பொய் சொல்லமாட்டேன்" என்றார். "உன் இடத்தில் நான் என்றால், அந்தப் போனை அடித்திருக்கவே மாட்டேன்."

கொடுத்ததும் திருப்பியதும்

பரிசளிப்பு நாளன்று பிரபு மொட்டைத் தலையோடு வந்து நின்றான். மண்டபமே வாயைப் பிளந்தது. நாங்கள் ஏறவில்லையே, எதற்கு முடியைக் கொடுத்தாய் என்று கேட்டேன். கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னான்: "சாமி ரெண்டாவது எடத்த குடுத்துட்டாரு ஆன்ட்டி. நாமதான திருப்பிக் குடுத்தோம்? அது அவரு தப்பு இல்லயே."

உறையில் இருந்த கடிதம்

அன்று என் கைப்பையில் ஓர் உறை இருந்தது. மனேஜர் பதவியிலிருந்து விலகுகிறேன் என்று இரண்டு வரி எழுதி, தலைவருக்கு என்று பெயரும் போட்டிருந்தேன். ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எல்லோரும் அன்ரி சாப்பிட்டீங்களோ, அன்ரி இருங்கோ என்று தாங்கினார்கள். சாவீடு மாதிரி இருந்தது எனக்கு. தலைவர் பேசி முடிக்கட்டும், உறையைக் கொடுத்துவிட்டு எழும்பலாம் என்று காத்திருந்தேன்.

அதற்குள் கஜன் வந்து பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தான். அவன் மனைவி எதிர் மேசையில் சின்னவளுக்குச் சோறு தீத்திக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஜன் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் விரித்தான். அடுத்த வருடத்துக்கான பதிவுப் படிவம். போனை நம்பாமல் எங்கேயோ அச்சடித்து, ஒவ்வோர் எழுத்தாகப் பேனையால் நிரப்பியிருந்தான். முதற்பெயர் என்ற இடத்தில் கஜன். குடும்பப் பெயர் என்ற இடத்தில் செல்வராசா. பிறந்த திகதி. முகவரி.

ஏறாவிட்டால் விடுகிறேன் என்று சொன்னவன் நீதானே என்று கேட்க நினைத்து, எதிர் மேசையைப் பார்த்தேன். அவள் ஓமென்று தலையை ஆட்டிவிட்டு மகளின் வாயைத் துடைத்தாள். நான் கைப்பையைத் திறந்து, உறையை அடியில் தள்ளிவிட்டு, படிவத்தை அதற்கு மேலே வைத்து மூடினேன். கஜன் எழும்பும்போது குனிந்து மெல்லச் சொன்னான்: "வீட்டில கேட்டிட்டன். இந்த முறை என்னை ஒருக்கா மட்டும் பதியுங்கோ அன்ரி."

ஆக, வருகிற பருவத்தையும் நாங்கள் அதே இரண்டாம் பிரிவில்தான் தொடங்குகிறோம், ஒரு கஜன் குறைவாக, ஆனால் அணியில் ஆள் குறையாமல்.